தேர்தல் முடியாத வீடு

ராசா,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உன் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட் வந்து மந்திரிகள் பதவி ஏற்று இத்தனை மாதம் ஆகிவிட்டது, அப்பாவுடைய ரிவால்வரை இன்னும் ஏன் ஸ்டேஷனிலேயே போட்டு வைத்திருக்கிறீர்கள், மறுபடி துருப் பிடிக்கவா என்று கேட்டாய். நம்ம ஊர் கோம்பையில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வந்துவிட்டது எனக்கும் தெரியும். நாம் வாங்கவில்லை. வாங்கப் போவதும் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே "ஒரு நிமிஷம்மா, ஒரு நிமிஷம்" என்று என்னை நிறுத்துவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை, ஆற அமர உட்கார்ந்து படி.

அந்தத் துப்பாக்கி உன் தாத்தா மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த காலத்தில் வாங்கியது. தோட்டம் கைமாறிப் போனது, துப்பாக்கி மட்டும் அப்பா பேருக்கு லைசென்ஸ் மாறி நம் வீட்டுக்கு வந்தது. கீழே நம் திராட்சைக் கொடிக்குள் காட்டுப் பன்றி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவார், அவ்வளவுதான் அதற்கு வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் அதற்குக் கொடுக்கும் மரியாதையை எனக்குக்கூடக் கொடுத்ததில்லை. பழைய பேப்பரை விரித்து, குழல் ஒரு பக்கம், சிலிண்டர் ஒரு பக்கம், பக்கத் தகடு ஒரு பக்கம் என்று கழற்றி வைப்பார். திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போடுவார். கிழிந்த வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பார். இரும்பின் மேல் கருநீலமாக ஒரு நிறம் இருக்குமே, மயில் கழுத்து மாதிரி, அது போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. ஆயுத பூஜைக்குக்கூட அதன் மேல் சந்தனம் குங்குமம் வைக்க விடமாட்டார். "குங்குமம் பட்டா அரிச்சுப்புடும் புள்ள, பெட்டி மேல வையி" என்பார். நானும் பெட்டி மேலேயே வைத்துக் கும்பிட்டேன்.

நீ சின்ன வகுப்பில் இருந்தபோது உப்பும் மிளகாயும் தொட்டு மாங்காய் தின்ற கையோடு அந்தப் பக்கத் தகட்டைத் தொட்டுவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் பெட்டியைத் திறந்தபோது உன் விரல் ரேகை அப்படியே பழுப்பாகத் துருவேறிக் கிடந்தது. அன்றைக்குத் தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார், நீ மாட்டுக் கொட்டடியில் போய் ஒளிந்துகொண்டாய். உனக்கு அந்தச் சத்தம்தான் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. ஒரு புள்ளித் துருவைப் பார்த்தாலே சோறு இறங்காத மனிதர், அந்த ரேகையை மட்டும் தேய்க்கவே இல்லை. துணி அதன் ஓரம் வரைக்கும் வரும், நின்றுவிடும். ஒருநாள் கேட்டதற்கு, "இருக்கட்டும், என்ன இப்ப" என்று சொல்லிவிட்டார். உன்னைக் கொஞ்சத் தெரியாத மனிதர் என்று நீ இன்றைக்கும் சொல்கிறாய். அது உண்மைதான். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அதுதான்.

அவருக்கு மறதி வந்தது எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தேனிக்கு மோட்டார் சாமான் வாங்கப் போனவர் வைகை அணைக்குப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தாரே, அப்போதுதான் நாம் இதை நோய் என்று ஒப்புக்கொண்டோம். காவலாளி போன் பண்ணி, நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, "ஸ்கூல்ல டூர் கூட்டியாந்தாக, பய இன்னும் வரல, அதான் உக்காந்திருக்கேன்" என்றார். அந்தப் பயல் நீதான். நீ கனடாவில் இருந்தாய். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொன்னேன். பாசிட்டிவாக இருங்கள் அம்மா என்றாய். எப்படி இருப்பது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் கொல்லையில் உட்கார்ந்து விளக்கு, தாம்பாளம், குடம் எல்லாவற்றுக்கும் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். பால்காரர் கூப்பிட்டாரென்று வாசலுக்குப் போய்விட்டு வருவதற்குள் அப்பா என் மணையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் துப்பாக்கி பிரித்துக் கிடக்கிறது. கையில் புளி. "இந்தா, இதையும் துலக்கிட்டேன் பாரு, எம்புட்டு வெள்ளையா இருக்கு!" என்று சிலிண்டரைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு காலம் குங்குமம்கூடப் படாமல் காத்த நிறம் புளித் தண்ணீரோடு சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. பித்தளை புளிக்குப் பளபளக்கும், அந்தக் கருநீலம் புளிக்குக் கரைந்து போகும், இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நான் வாங்கித் துடைப்பதற்குள் மூன்றில் இரண்டு பங்கு வெளுத்துவிட்டது. மறுநாள் காலையில் வெளுத்த இடமெல்லாம் செம்மண் பூசியதுபோலத் துரு. அதைப் பார்த்து, "யாரு இப்படிப் பண்ணுனது? எந்த நாயி கை வச்சது?" என்று கத்தினார். நான்தான் பண்ணினேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்லட்டும்? பூஜை அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை, சர்க்கரைப் பொங்கலும் தொடவில்லை.

படம் எடுத்து உனக்கு அனுப்பியதும் நீ தாம் தூம் என்று குதித்தாய். அப்பா இப்படி ஆகிவிட்டாரே என்று குதிக்கவில்லை, தாத்தா காலத்துப் பொருள் இப்படி ஆகிவிட்டதே என்று குதித்தாய். கோபப்படாதே, எனக்கு அப்படித்தான் பட்டது. எதையெதையோ பார்த்துப் படித்து, வீட்டிலேயே நிறம் ஏற்றிவிடலாம் என்று சொல்லி, ஒரு சின்ன பாட்டில் மருந்தை வரவழைத்துக் கொடுத்தாய். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். வீடியோவில் நீ சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். முதலில் மிச்சமிருந்த பழைய நிறத்தையும் துருவையும் முழுக்க எடுத்து இரும்பை வெறுமையாக்கச் சொன்னாய். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவச் சொன்னாய். நம்பர் வெட்டியிருக்கும் இடத்தில் அழுத்தித் தேய்க்காதீர்கள், நம்பர் அழிந்தால் சட்டப்படி பெரிய தொல்லை என்றாய். அப்பாவுக்கு அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மனசுக்கு என்ன மறந்தாலும் அந்தக் கைக்கு எதுவும் மறக்கவில்லை. எந்தத் திருகாணி எந்தக் குழிக்கு என்று தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார்.

பக்கத் தகட்டைக் கையில் எடுத்தபோது மட்டும் நின்றுவிட்டார். "ஏன் நிறுத்திட்டீங்க, அந்தக் கறையையும் எடுங்க, அது இருந்தா மேல நிறம் ஒட்டாது" என்றாய் நீ. "இது வேணாம். இது புள்ள வெரலு" என்றார். உனக்கு அங்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. "என்னப்பா? கறைதானே, தேய்ங்க" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் கட்டாகிவிடுமே, நீ ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாயே என்று சும்மா இருந்தேன். அவர் தேய்த்தார். தேய்த்து முடித்ததும் என்ன தேய்த்தோம் என்று அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு குளிர்கிறது. மருந்தைத் தடவி, குளியலறையில் வெந்நீர் ஆவி பிடித்து வைத்தால் அதன் மேல் மெல்லிசாகச் செந்துரு பூக்கிறது. துரு வரக்கூடாது என்று ஆயுசு முழுக்கப் பாடுபட்ட மனிதரை உட்கார வைத்துத் துரு வர வைத்தோம். பிறகு என் இட்லிப் பானையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைக் கொதிக்க விட்டு, கம்பியில் கட்டி அந்தத் துண்டுகளை இறக்கினோம். அப்பா பானைக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்பாகப் போனது கருப்பாக வந்தது. "கருத்துருச்சு புள்ள! நல்லாக் கருத்துருச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை அப்படித் தொட்டதில்லை. இரும்புப் பஞ்சால் தேய்த்து, மறுபடி மருந்து தடவி, மறுபடி வேகவைத்து, நிறம் ஆழமாக இறங்கும்வரை செய்துகொண்டே இருந்தோம். நீயும் தினமும் கூப்பிட்டாய். அந்த மழைக்காலத்தில்தான் நீ தினமும் கூப்பிட்டாய் ராசா. எண்ணெய் போட்டு முடித்துப் படம் அனுப்பிய பிறகு வாரம் ஒன்றானது, அப்புறம் அதுவும் இல்லை. வேலை இருக்கும், தெரியும். இன்னும் ஏதாவது ஒரு சாமான் துருப் பிடிக்காதா என்று நான் வீட்டுக்குள் தேடியது உனக்குத் தெரியாது.

துருப் பிடித்துக் கிடந்தவரைக்கும் அது துண்டு துண்டாகத்தான் கிடந்தது. சரியான பிறகுதான் அவர் அதைச் சேர்த்து மாட்டினார். நாம் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முழுத் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டோம் என்பது நமக்கு உறைக்கவில்லை. பீரோச் சாவியை நான் இடுப்பில்தான் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை துடைக்கக் கேட்பார், கொடுப்பேன், வாங்கி வைப்பேன். தை மாசத்தில் ஒரு ஞாயிறு, அவர் துடைத்துக்கொண்டிருக்கிறாரே என்று தோட்டத்துக்குப் போய் நாலு கத்திரிக்காய் பறித்துக்கொண்டு கொல்லை வழியாக உள்ளே வந்தேன். சமையலறை வாசலில் நின்றார். துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"யாரு நீ? யாரைக் கேட்டு உள்ள வந்த?" என்றார்.

"நாந்தாங்க" என்றேன்.

"நாந்தான்னா யாரு?"

என் பெயரைச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புள்ள, இந்தா, ஏத்தா, இவ்வளவுதான். பெயரைச் சொன்னால் அது யாரோ ஒருத்தியின் பெயர் என்றுதான் நினைத்திருப்பார். நீ உன் மனைவியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாய், கேட்டிருக்கிறேன். அதை விட்டுவிடாதே. தினமும் நாலு தடவை கூப்பிடு. நாளைக்கு உனக்கும் இப்படி ஒன்று வந்தால் எந்த நாளில் அவளை மறந்தாய் என்பதாவது அவளுக்குத் தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாமல் போய்விட்டது. அவர் எப்போது என்னை மறந்தார் என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? புள்ள என்று பால்காரர் மகளையும்தான் கூப்பிடுகிறார்.

குண்டு இருக்கிறதா இல்லையா என்றும் தெரியாது. மிச்சமிருந்த தோட்டாக்களை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டு, எங்கே என்று மறந்திருந்தார். நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண் மாறியது, கை தானாகத் தாழ்ந்தது. "என்ன புள்ள இங்கன மரமாட்டம் நிக்கிற? காய்ச்சலா?" என்று வந்து நெற்றியைத் தொட்டார். நான் துப்பாக்கியையே பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சிரித்தார். சிலிண்டரைத் திறந்து காட்டி, "காலியாத்தான் இருக்கு, இதுக்குப் போயி பயப்படலாமா?" என்றார். அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். தோட்டாக்கள் பிறகு ஒருநாள் அரிசி டிரம்மில், படியால் அளக்கும்போது கிடைத்தன. அப்போதும் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வாய்? அங்கே உட்கார்ந்து பயப்படுவாய். பயப்பட நான் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆள் வந்து சொன்னார். அப்பாவுக்கு இது பழக்கம். எத்தனையோ தேர்தலுக்குக் கொண்டுபோய் வைத்து வாங்கியிருக்கிறார், அதனால் முரண்டு பிடிக்காமல் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நான் முதல் நாளே தனியாகப் போய் ஏட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். லைசென்சே வேண்டாம், ஒரேயடியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனுவும் எழுதி வைத்திருந்தேன். ஏட்டு துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்து, "புதுசு கணக்கா வச்சிருக்கீங்களே ஐயா" என்றார். "நாங்க ஏத்துன நெறம். மகன் சொல்லிக் குடுத்தான், நானும் வீட்டுலயும் சேந்து பண்ணுனோம்" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். மனுவை அப்பாவிடம் நீட்டினேன். படிக்கவில்லை. "இங்கனயா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். "எலெக்சன் முடிஞ்சதும் வாரேன், எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லுங்க" என்றார். ஏட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். ஏமாற்றுதான். செய்தது சரி என்றும் தெரியும். சரியானதைச் செய்த பிறகு மனசு லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் என் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். ஞாயிறு வந்தால் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். முன்னால் ஒன்றும் இருக்காது. மோட்டார் பம்புச் சாமான்களைக் கழுவி வைத்துப் பார்த்தேன். ஒன்றை எடுத்தார், தடவிப் பார்த்தார், கீழே வைத்தார். "இது நம்மது இல்ல" என்றார். வேறு எதை மறந்தாலும் அது எங்கே என்று கேட்பதை மட்டும் மறப்பதில்லை. எலெக்சன் இன்னும் முடியவில்லை என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஓட்டுப் போடும் அன்றைக்கு நானே தப்புப் பண்ணினேன். ஊரே போகிறதே, அவரையும் கூட்டிப் போவோம் என்று வெள்ளை வேட்டி கட்டிவிட்டுக் கூட்டிப் போனேன். விரலில் மை வைத்தார்கள். அந்த மை எனக்கு எமனாக வந்தது. எலெக்சன் முடியவில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் விரலைத் தூக்கிக் காட்டினார். "ஓட்டுப் போட்டாச்சுல்ல? இந்தா மை. பொறவு ஏன் குடுக்க மாட்டேங்கிறாக?" நேற்றுச் சாப்பிட்டது தெரியாது, என்னைத் தெரியாது, ஆனால் விரலைப் பார்த்தால் கணக்குப் புரிந்துவிடும். பால்காரரிடம் காட்டினார், தெருவில் போவோரிடம் காட்டினார். "இவ பொய் சொல்றா. எம் பொருளை இவ வித்துப்புட்டா" என்றார். அடிக்கக்கூட வந்தார் ஒருதரம். குளிக்க வைக்கும்போது எலுமிச்சைத் தோலை வைத்து அந்த மையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். எனக்குத் தெரிந்த எதற்கும் அது போகவில்லை. அவர் கையை என் மடியில் விட்டுவிட்டு, "நல்லாத் தேயி, அழுக்குப் போகட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தோலில் இருந்தது முதலில் போனது. நகத்தில் இருந்தது நகத்தோடு சேர்ந்து மேலே மேலே வளர்ந்தது. நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை கடைசித் துணுக்கையும் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். அன்று சாயந்தரம் வழக்கம்போலத் துப்பாக்கியைக் கேட்டார். எலெக்சன் முடியல என்றேன். விரலைத் தூக்கினார். திருப்பிப் பார்த்தார். அடுத்த விரலைப் பார்த்தார், மற்றக் கையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "நான் இன்னும் ஓட்டே போடலயோ?" என்றார். ஆமாங்க, நீங்க இன்னும் போடல என்றேன். "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல. கோவிச்சுக்காத ஆத்தா" என்றார்.

இப்போது சண்டை இல்லை. காலையில் அவரே குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், ஓட்டுப் போடக் கூட்டிப் போகச் சொல்லி. நாளைக்கு என்கிறேன், சரி என்று உட்கார்ந்துகொள்கிறார். இந்த வீட்டில் நான் பொய் சொல்கிறேன் என்று சொல்ல அவர் ஒருத்தர்தான் இருந்தார். நீ தீபாவளிக்கு வந்தால், எலெக்சன் எப்போது என்று உன்னிடமும் கேட்பார். நாளைக்கு என்று சொல்.

உன் அம்மா